மருந்துக் கிடங்கிலிருந்து நான்காவது மனு

வரவுசெலவுக் குழுவில் இருப்பவர்களுக்கு,
புன்டா லோபேரா மருத்துவமனைக் கிடங்கிலிருந்து
இர்மா நவெல்கிர் எழுதுவது.
முந்தைய மூன்று மனுவுக்கும்
"பெறப்பட்டது" என்று முத்திரை வந்தது.
நல்ல முத்திரை. நீல மை.

போன அக்டோபரில் எங்கள் கடற்கரையை
நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள்.
படத்துக்கு நாற்றம் கிடையாது.
கடல்யானைக் குட்டிகள், பிறந்து பத்து நாள் ஆகாதவை,
அலை தொடும் இடம்வரை கறுப்பாகக் கிடந்தன.
வனக்காவலர் ஒஸ்வால்தோ ப்யூ
எண்ணும் கருவியோடு நடந்தார்.
கட்டைவிரலால் ஒரு தட்டு, ஒரு குட்டி.
அறுநூற்றுச் சொச்சத்தில் கருவி சிக்கிக்கொண்டது.
அப்புறம் ஜீப்புக் கதவில்
சுண்ணாம்புக் கட்டியால் கோடு கோடாகப் போட்டார்.
அந்தக் கதவை அவர் இன்னும் கழுவவில்லை.

பறவைக்கு வந்த காய்ச்சல்
பாலூட்டிக்குத் தாவிவிட்டது என்றார்கள்.
பாலூட்டி என்று பள்ளிக்கூடத்தில்
நம்மையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் கிடங்கு வாசலில் நின்று கேட்டார்:
"நாளைக்கும் போகணும். முகக்கவசம் இருக்கா?"
இருக்கு என்றேன்.
பதிவேட்டில் இருந்தது.
மேல்தட்டில் பதினோரு பெட்டி,
பெட்டிமேல் தூசி, தூசிக்கடியில் ஒரு தேதி,
அந்தத் தேதியில் என் மகளுக்குப் பல் முளைக்கவில்லை.
ஒன்றை எடுத்துக் காதுக்கு இழுத்தார்.
வார் அறுந்தது.
அடுத்தது.
அதுவும்.
நாலாவதை அவர் இழுக்கவேயில்லை,
சருகைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்துவிட்டு
என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.
கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக்கொண்டு
மறுநாளும் போனார்.

பதினான்கு நாள் கருவிக் கொட்டகையில் தனியாகப் படுத்தார்.
கைன்வென் சூப்பை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
பின்னாலேயே நடந்து விலகுவாள்.
நான் தினமும் போன் போட்டு
அவர் மூச்சைக் கேட்டேன்.
ஒன்றும் ஆகவில்லை.

இந்த "ஒன்றும் ஆகவில்லை"யைத்தான் ஐயா
நீங்கள் குறிப்பில் ஏற்றிக்கொண்டீர்கள்.
இனம் நாற்பத்தேழு, அவசரகால மருந்து இருப்பு,
அதன் குறுக்கே ஒரு கோடு.
ஓரத்தில் அழகான கையெழுத்து:
அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

நான் கிடங்குக்காரி.
தட்டில் வைத்துக் காட்டினால்தான் எதையும் நம்புவேன்.
அடுத்த ஆண்டை எந்தத் தட்டில் வைத்திருக்கிறீர்கள்?

நான் கேட்பது அதிகமில்லை.
அதிகம்தான், எதற்குப் பொய்.
இரண்டாயிரம் பேருக்கு வைரஸ் மாத்திரை.
வென்டிலேட்டர் ஆறு இருக்கிறது, குழாய் இல்லை,
கயிறில்லாத வாளிபோல மூலையில் நிற்கின்றன.
சின்னக் கைக்கும் கையுறை
(நர்ஸ்களெல்லாம் மல்யுத்தக்காரர்கள் என்று யார் சொன்னது?).
பழையதைப் பல் மருத்துவப் பிரிவுக்கு முன்னால் தள்ளி
புதியதைப் பின்னால் அடுக்க
இன்னொரு ஆள்.
அரை நாள் ஆளானாலும் போதும்.

வீடு பற்றியபின் கிணறு வெட்டாதே என்பார்கள்.
இங்கே எப்போது வெட்டினாலும் உப்புத்தண்ணீர்தான்.
நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும்,
தலைநகரிலிருந்து இரண்டு நாள்,
காற்று சாலையை மூடினால் நாலு.
அந்த வாரம் வரும்போது
உலகத்தின் எல்லா ஊரும்
ஒரே தொழிற்சாலைக் கதவில் கை நீட்டும்.
எங்கள் கை அவ்வளவு நீளமில்லை.

வாங்கிவைத்து, வராமலே போனால்
வீண்செலவுதானே என்று கேட்டீர்கள்.
ஆமாம்.
அந்த வீண் எனக்கு வேண்டும்.
காலாவதியான பெட்டி ஒவ்வொன்றையும்
நானே சுமந்துபோய் எரிப்பேன்,
எண்ணிக் கையெழுத்துப் போட்டு,
அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

இந்த ஆண்டு கடல்யானைகள் திரும்பி வந்திருக்கின்றன.
கரையில் இடம் நிறைய இருக்கிறது.

முத்திரை இந்தமுறை வேண்டாம்.
அறுந்த வார் ஒன்றை
மனுவோடு குண்டூசியில் குத்தியிருக்கிறேன்.
இழுத்துப் பார்க்க வேண்டாம்.
இழுத்தாயிற்று.